லாரியில் வேக முள் விழுந்தால்: சென்சாரை வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மீட்டர் ஓடவில்லை என்று ஒரு லாரி பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் கூடவே ஒரு மனத்தாங்கலும் வருகிறது. கிலோமீட்டர் ஓடாத வண்டியில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைத்தது என்று கணக்குப் போட முடியாது. கணக்கு இல்லை என்றால் டீசல் எங்கே போனது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி நேராக டிரைவரின் தலையில் வந்து விழும். பத்து வருடம் ஒரே முதலாளியிடம் வண்டி ஓட்டியவர் ஒருவர் என் பட்டறை வாசலில் நின்று, "என் மேலேயே சந்தேகப்படுகிறார் அண்ணே" என்று கண் கலங்கினார். அந்த வண்டியில் கெட்டிருந்தது, ஒயர் இணையும் கனெக்டருக்குள் பச்சை பூத்த ஒரு சின்னப் பின். அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்பே, மீட்டருக்கு வேகத்தைச் சொல்லும் சென்சாரை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள்.

சென்சாரைக் கழற்ற இரண்டு நிமிடம், மாட்ட இரண்டு நிமிடம் என்பதால் எல்லாருடைய கையும் முதலில் அங்கேதான் போகிறது. புதியதை மாட்டியதும் முள் ஓடிவிட்டால் பழையது கெட்டுப்போனது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் கனெக்டரைக் கழற்றி மாட்டியதில் பின்னில் இருந்த களிம்பு உராய்ந்து தற்காலிகமாகத் தொடர்பு கிடைத்திருக்கலாம். வண்டி ஒரு மழையில் நனைந்து வந்தால் முள் மறுபடியும் படுத்துவிடும். எனவே சென்சாரை மாற்றுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வண்டி காட்டும் அறிகுறியைப் பாருங்கள். முள் ஓடாமல் இருப்பது வேறு, துள்ளுவது வேறு, தப்பாகக் காட்டுவது வேறு.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை

பெரும்பாலான லாரிகளில் வேக சென்சார் கியர் பாக்ஸின் பின்முனையில், புரொப்பல்லர் ஷாஃப்ட் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். பழைய வண்டிகளில் மீட்டர் கேபிள் கிளம்பும் இடமும் அதுதான். அதில் எத்தனை ஒயர் வருகிறது என்று எண்ணுங்கள்.

இரண்டு ஒயர் என்றால் உள்ளே ஒரு காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம். பல்சக்கரத்தின் பற்கள் முனையைக் கடக்கும்போது தானே மாறுமின்னோட்டத்தை உண்டாக்கும். வேகம் கூடக் கூட வோல்டேஜும் கூடும். மூன்று ஒயர் என்றால் ஹால் வகை, அதாவது காந்தப்புல மாற்றத்தை மின்னணு முறையில் உணர்வது. ஒன்றில் மின்சாரம், ஒன்றில் எர்த், மூன்றாவதில் சிக்னல். நான்கு ஒயர் உள்ளவற்றில் இரண்டாவது சிக்னல் ஒன்று கூடுதலாக வரும்.

ஹால் வகையிலேயே சில, கியர் பாக்ஸுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தால் சுழற்றப்படுபவை. அவற்றின் அடியில் சதுரமான சிறு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். மற்றவை எதையும் தொடாமல், சுழலும் பற்களைச் சற்றுத் தள்ளி நின்று உணர்பவை. இந்த வேறுபாடு தெரியாமல் மல்டிமீட்டரை எடுக்காதீர்கள். இரண்டு ஒயர் சென்சாருக்கு ஓம் சோதனை செல்லும். ஹால் சென்சாரின் உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால் ஓம் அளவை வைத்து அதை நல்லது என்றோ கெட்டது என்றோ தீர்மானிக்க முடியாது.

சோதனைக்குப் பல இடங்களில் ஷாஃப்ட்டைச் சுழற்ற வேண்டியிருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி அச்சுக்கடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஏர் பிரேக் வண்டியில் டாங்கில் காற்று ஏறியிருந்தால்தான் பார்க்கிங் பிரேக் விடும். காற்று ஏற்றிய பின் இன்ஜினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றலாம். ஒரு பக்கம் மட்டும் தூக்கியிருப்பதால், கிரவுன் விகிதம் (பின் அச்சுப் பல்சக்கரங்களின் விகிதம்) 6 என்றால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஷாஃப்ட் மூன்று சுற்றுதான் சுற்றும். மெதுவாகப் பார்ப்பதற்கு அது வசதிதான்.

முள்ளும் ஓடவில்லை, கிலோமீட்டரும் ஏறவில்லை

சாவியைப் போட்டு மற்ற முட்களைப் பாருங்கள். டீசல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்து படுத்திருந்தால் அது சென்சார் கோளாறு அல்ல. மீட்டருக்கு வரும் ஃப்யூஸையோ எர்த்தையோ பாருங்கள். மற்றவை ஓடி, வேகம் மட்டும் ஓடவில்லை என்றால் கீழே இறங்கலாம்.

சென்சாரின் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். இந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை. கியர் ஆயில் ஊறியிருக்கிறதா? பின் பச்சை பூத்திருக்கிறதா? ஏதாவது ஒரு பின் மற்றவற்றைவிட உள்வாங்கி நிற்கிறதா? பெண் பக்கத்துப் பித்தளைத் தகடு விரிந்து, ஆண் பின் நுழைந்ததும் பிடிப்பில்லாமல் வழுக்குகிறதா? ஒயரை ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். மேலுறை நீண்டுகொடுத்தால் உள்ளே செம்பு அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

கனெக்டர் சுத்தமாக இருந்தால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். மூன்று ஒயர் சென்சாரில், சாவி போட்ட நிலையில், மின்சார ஒயருக்கும் எர்த் ஒயருக்கும் நடுவே அளக்க வேண்டும். 5 வோல்ட், 8 வோல்ட் அல்லது பாட்டரி வோல்டேஜ் ஆகியவற்றில் ஒன்று வரும். எது வர வேண்டும் என்பது உங்கள் வண்டியின் வயரிங் படத்தில் இருக்கும். கனரக லாரியில் பாட்டரி வோல்டேஜ் 24, சிறு சரக்கு வண்டிகளில் 12.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கனெக்டரைக் கழற்றிய நிலையில் அளந்தால், ஒரே ஒரு செம்பு நூலில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒயர்கூட முழு வோல்டேஜைக் காட்டும். மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு குறைவு. அதனால் கனெக்டரை மாட்டிய நிலையிலேயே, பின்பக்கத்து ரப்பர் ஓரமாக மெல்லிய ஊசியை நுழைத்து மறுபடியும் அளந்து பாருங்கள். எர்த்துக்கும் இதே சோதனைதான். சென்சாரின் எர்த் பின்னுக்கும் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் தடை இருக்கிறது. சேஸிஸில் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டையும் துருவையும் சுரண்டி, மறுபடியும் இறுக்குங்கள்.

பட்டறைகளில் பழகிப்போன டெஸ்ட் பல்பை இந்த ஒயர்களில் வைக்காதீர்கள். பல்பு இழுக்கும் மின்னோட்டத்தை ஈசிஎம்மின் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியின்) சிக்னல் ஒயர் தாங்காது. சில நூறு ரூபாய் சென்சாருக்காகப் பல்லாயிரம் ரூபாய் பெட்டியைப் பலி கொடுக்க வேண்டாம்.

மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்தால், ஊசியை சிக்னல் பின்னில் வைத்து ஒருவரைச் சக்கரத்தை மிக மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். நல்ல ஹால் சென்சாரில் வோல்டேஜ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கும், மேலே ஏறும், மறுபடியும் இறங்கும். வேகமாகச் சுற்றினால் மல்டிமீட்டர் இரண்டுக்கும் நடுவே ஒரு எண்ணைக் காட்டும், அது சராசரிதான். எத்தனை சுற்றுச் சுற்றியும் மேலேயே நின்றாலும் கீழேயே நின்றாலும் சென்சார் கெட்டிருக்கலாம், அல்லது அதைச் சுழற்றும் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். சதுரத் தண்டு வகையைக் கழற்றி, தண்டை விரலால் சுற்றிக்கொண்டே சிக்னலைப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். விரலால் சுற்றும்போது சிக்னல் வந்தால் சென்சார் நல்லது. கியர் பாக்ஸுக்குள் இருக்கும் நைலான் பல்சக்கரத்தின் பற்களைப் பாருங்கள். தண்டு நுழையும் சதுரத் துளை வட்டமாகத் தேய்ந்திருந்தால் தண்டு நின்ற இடத்திலேயே நிற்கும், பல்சக்கரம் மட்டும் சுற்றும்.

இரண்டு ஒயர் வகைக்கு, கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்து இரண்டு பின்களுக்கு நடுவே ஓம் அளக்க வேண்டும். சில நூறு ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம் வரை, கம்பெனி சொல்லும் எல்லைக்குள் இருக்க வேண்டும். மல்டிமீட்டர் முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஷார்ட். எந்தப் பின்னுக்கும் சென்சாரின் இரும்பு உடம்புக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. பிறகு ஏசி வோல்ட்டில் வைத்து ஷாஃப்ட்டைச் சுற்றினால் அளவு ஏற வேண்டும். ஓம் சரியாக இருந்தும் ஏசி வரவில்லை என்றால் இடைவெளி அதிகம், அல்லது எதிரே பல்சக்கரம் கழன்றோ உடைந்தோ கிடக்கிறது.

சென்சார் சிக்னல் கொடுக்கிறது, மீட்டர் மட்டும் காட்டவில்லை என்றால் ஒயரைத் தொடர்ந்து மேலே போங்கள். புதிய வண்டிகளில் சென்சாரின் சிக்னல் ஈசிஎம்முக்கோ ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகிப்போகாமல் தடுக்கும் அமைப்பு) பெட்டிக்கோ போய், அங்கிருந்து கேன் ஒயர் (பெட்டிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் ஒயர்) வழியாக மீட்டருக்கு வருகிறது. கோளாறு பார்க்கும் ஸ்கேனரில் வேகம் தெரிந்து முள் மட்டும் படுத்திருந்தால் கியர் பாக்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

முள் துள்ளுகிறது, விட்டு விட்டு ஓடுகிறது

பொறுமையைச் சோதிக்கும் அறிகுறி இதுதான். பட்டறையில் நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். சாலையில் இறங்கியதும் தொடங்கும். அதனால் டிரைவரிடம் நிதானமாகக் கேளுங்கள். எப்போது துள்ளுகிறது? மழையிலா, பள்ளத்திலா, ஹெட்லைட் போட்டாலா, லோடு ஏற்றினாலா? பாதி விடை அவரிடம் இருக்கிறது.

ஒரு பன்னிரண்டு சக்கர லாரி. சேலத்திலிருந்து பெங்களூருக்கு லோடு கொண்டு போகும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முள் விழுந்துவிடும், இறக்கத்தில் எழுந்துவிடும். வேறு இடங்களில் சென்சார் மாற்றினார்கள், மீட்டர் மாற்றினார்கள், தொப்பூர் வந்தால் முள் விழுந்தது. வண்டியைப் பட்டறையில் நிறுத்தி ஒயரை ஆட்டிப் பார்த்தேன், எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு ஒருவரைச் சீட்டில் உட்காரவைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு இரண்டாம் கியரில் கிளட்ச்சை லேசாக விடச் சொன்னேன். நான் அடியில் போகவில்லை, பக்கவாட்டில் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜின் இழுத்ததும் கியர் பாக்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மவுண்டிங் ரப்பர் தளர்ந்திருந்தது. சென்சார் ஒயரைத் தொய்வே விடாமல் சேஸிஸில் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கியர் பாக்ஸ் சாயச் சாய ஒயர் விறைத்து, கனெக்டருக்குள் இருந்த பின்னை அரிசி நீளத்துக்குப் பின்னால் இழுத்தது. ஏற்றத்தில் கீழ் கியரில் முழு லோடோடு இழுக்கும்போது நடந்ததும் இதுதான். டேக்கை வெட்டி, ஒயருக்கு ஒரு சாண் தொய்வு கொடுத்து, பின்னை மாற்றி, மவுண்டிங் ரப்பரையும் மாற்றினோம். சென்சார் நன்றாகத்தான் இருந்தது.

ஒயர் சேஸிஸ் குறுக்குச் சட்டத்தை உரசும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெட்டு விரலுக்குத் தெரியும். சைலன்ஸருக்குப் பக்கத்தில் போகும் ஒயர் வெந்து மொறமொறப்பாக இருக்கும். அதை மடக்கினால் உறை உடையும்.

காந்தம் உள்ள சென்சார் துள்ளினால் கழற்றி முனையைப் பாருங்கள். இரும்புத்தூள் தாடி போல முளைத்திருக்கும். மைபோல நைந்த கறுப்புத் தூள் என்றால் துடைத்துவிட்டு மாட்டலாம், அது கியர்களின் இயல்பான தேய்மானம். ஆனால் நகத்தில் குத்தும் செதில்களோ பளபளக்கும் துண்டுகளோ இருந்தால் சென்சார் உங்களுக்கு வேறு செய்தி சொல்கிறது. கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள். உள்ளே பேரிங்கோ பல்லோ உடைந்துகொண்டிருக்கிறது.

வண்டி நிற்கிறது, முள் அசைகிறது

இன்ஜின் ஐடிலில் ஓட, வண்டி நிற்க, முள் பத்து பதினைந்தில் நடுங்கினால் சிக்னல் ஒயரில் வேண்டாத மின்சாரம் கலக்கிறது. எர்த் தளர்ந்திருக்கலாம். சிக்னல் ஒயர் ஆல்டர்னேட்டர் ஒயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கலாம். இரண்டு ஒயர் சென்சாரில் முனை பல்லுக்கு மிக நெருக்கமாக இருந்தால், இன்ஜின் அதிர்வில் பல் நடுங்குவதே சிக்னலாகிவிடும். இடைவெளியைச் சரிசெய்தால் நின்றுவிடும்.

முள் நிதானமாக ஓடுகிறது, ஆனால் கணக்குத் தப்புகிறது

இதற்கு சென்சாரை மாற்றி எந்தப் பயனும் இல்லை. சென்சார் துடிப்புகளை எண்ணித் தருகிறது, அதைக் கிலோமீட்டராக மாற்றுவது மீட்டரில் பதிந்திருக்கும் எண். டயர் அளவு மாறினாலோ கிரவுன் செட் மாறினாலோ அந்த எண் பொய்யாகிவிடும்.

10.00-20 டயர் ஓடிய வண்டியில் 9.00-20 மாட்டினால் சுற்றளவு ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். முள் 60 காட்டும்போது வண்டி 58 வேகத்தில்தான் போகும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதாக மீட்டர் சொன்னால் உண்மையில் ஓடியது 970 அளவுதான். அந்த முப்பது கிலோமீட்டர் மைலேஜ் கணக்கை நல்லதாகக் காட்டும். பிறகு சரியான டயர் திரும்பியதும் மைலேஜ் குறைந்ததுபோல் தோன்றும், டிரைவரிடம் மறுபடியும் விசாரணை தொடங்கும்.

சோதிக்க எளிய வழி நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல். முள்ளை 60இல் நிலையாக வைத்து, கிளீனரைக் கல்லிலிருந்து கல்லுக்கு நேரம் பார்க்கச் சொல்லுங்கள். சரியாக 60 நொடி ஆக வேண்டும். ஒரு கல் போதாது, ஐந்து கல் பார்த்து சராசரி எடுங்கள்.

மீட்டர் சரி, ஆனால் இன்ஜின் விளக்கு எரிகிறது அல்லது வண்டி இழுக்க மறுக்கிறது

ஸ்கேனரில் பி0500 தொடங்கி பி0503 வரையிலான கோளாறு எண்களில் ஒன்று வந்தால் வேக சென்சாரின் மின்சுற்றில் குறை. 0502 என்றால் சிக்னல் குறைவு, 0503 என்றால் விட்டு விட்டு அல்லது தாறுமாறாக வருகிறது. கனரக வண்டிகளில் அதே கோளாறு எஸ்பிஎன் 84 என்ற எண்ணாக வரும். கோளாறு எண் மின்சுற்றைத்தான் குறிக்கிறது, சென்சாரை அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

சென்சாரைத் தொடுவதற்கு முன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 118ஆவது விதிப்படி, 2015 அக்டோபர் 1க்குப் பிறகு தயாரான சரக்கு வண்டிகளில் இது கட்டாயம். பொதுவான எல்லை மணிக்கு 80 கிலோமீட்டர். டாங்கர், டிப்பர் போன்றவற்றுக்கு 60. வெளியிலிருந்து பொருத்தும் கருவிகள் பல, வேக சென்சாரின் சிக்னல் ஒயரிலிருந்தே கிளை எடுக்கின்றன. அந்த இணைப்பை ஒயரை உரித்து முறுக்கி டேப் சுற்றி விட்டிருப்பார்கள். ஓராண்டு ஓடியதும் டேப் இளகி, ஈரம் புகுந்து, இரண்டு பக்கத்துச் சிக்னலும் கெடும். முறுக்கை வெட்டி எறிந்து, ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் குழாய் போடுங்கள். கருவியைத் துண்டித்துவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். எஃப்.சி. (தகுதிச் சான்று) நாளில் மாட்டிக்கொள்வது ஒருபுறம் இருக்கட்டும், முழு லோடு ஏற்றிய டாங்கர் 60ஐத் தாண்டினால் எத்தனை தூரத்தில் நிற்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் கியர் பாக்ஸ் சென்சாரை விட்டுவிடுங்கள். அது சக்கரத்துச் சென்சார், தனிக் கதை. வினாடிக்கு அரைச்சுற்று வேகத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் 0.2 வோல்ட் ஏசிக்குக் குறையாமல் வர வேண்டும். வரவில்லை என்றால் சென்சாரைக் கையால் அழுத்திப் பல்வளையத்தைத் தொடும்வரை தள்ளுங்கள். சக்கரம் சுற்றும்போது தனக்கு வேண்டிய இடைவெளியைத் தானே ஏற்படுத்திக்கொள்ளும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

சாவியை எடுத்துவிட்டு, சென்சாரைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ்ஷால் முழுவதும் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது துளை வழியாக கியர் பாக்ஸுக்குள் விழும். அடியில் ஒரு தட்டு வையுங்கள், கொஞ்சம் ஆயில் வடியும். இறுகிப் பிடித்த சென்சாரை ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் முறிந்து பாதி உள்ளே தங்கிவிடும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே மேலே இழுங்கள்.

புதியதைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முனையின் நீளம், பின்களின் எண்ணிக்கை, பல்சக்கர வகை என்றால் பற்களின் எண்ணிக்கை எல்லாம் ஒத்திருக்க வேண்டும். ஓரிங் ரப்பர் வளையத்தில் கியர் ஆயிலை மெல்லத் தடவி கையால் அமுக்கி உட்காரவையுங்கள். போல்ட்டை முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம், அலுமினிய மரை எளிதில் வழுகும்.

மரை போட்டுத் திருகும் வகையில் ஒரு எச்சரிக்கை. திருகுவதற்கு முன் துளை வழியாக டார்ச் அடித்து, பல்லின் உச்சி நேர் எதிரே வரும்வரை ஷாஃப்ட்டைத் திருப்புங்கள். இரண்டு பல்லுக்கு நடுப்பள்ளத்தில் முனை இறங்கிவிட்டால், வண்டி நகர்ந்ததும் அடுத்த பல் முனையை நொறுக்கிவிடும். உச்சியைத் தொடும்வரை கையால் திருகி, அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்றுவரை பின்னால் எடுத்து, லாக் நட்டை இறுக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் இடைவெளி தனியாகக் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கனெக்டர் 'டக்' என்று பூட்ட வேண்டும். ஒயரை கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி கட்டுங்கள். மழை நீர் ஒயரில் வழிந்து வந்து வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது. கியர் ஆயில் மட்டத்தைப் பார்த்து, ஸ்கேனரில் கோளாறு எண்களை அழித்துவிட்டு, ஏற்றம் இறக்கம் உள்ள சாலையில் இருபது கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் அடியில் ஈரக்கசிவு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

பில் எழுதும்போது வண்டி வந்த நாளின் மீட்டர் எண், எந்தப் பகுதி கெட்டிருந்தது, மீட்டர் எத்தனை நாள் ஓடவில்லை என்று டிரைவர் சொன்னார் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். அந்த நாட்களின் சுங்கச்சாவடி ரசீதுகளை வைத்து ஓடிய தூரத்தை முதலாளி கணக்கிட்டுக்கொள்ளலாம். கழற்றிய பொருளையும் டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள். வாசலில் கண் கலங்கி நின்றவருக்கு அந்தப் பச்சை பூத்த பின்னை பில்லின் மூலையில் டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.